எதிர்முழக்கத்தின் இரு கட்டுப்பாடுகள்: தணிப்பும் பண்பேற்றமும் – கோயில் மண்டபம் முதல் மாடுலர் சிந்தசைசர் வரை

ஆய்வுச் சுருக்கம்

ஒலிமூலம் நின்ற பின்னரும் ஓரிடத்தில் நீடித்துக் கேட்கும் ஒலித்தொடர்ச்சி எதிர்முழக்கம் எனப்படும். கட்டடத்தின் இயல்பாக இருந்த இது, கடந்த நூற்றாண்டில் தகடு, சுருள்வில், எண்முறைச் சுற்று ஆகியவற்றின் வழியாக இசைஞர் கையாளும் கருவியாக மாறியது. இம்மாற்றத்தில் தணிப்பு, பண்பேற்றம் என்னும் இரு கட்டுப்பாடுகள் பெற்ற இடத்தை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. தணிப்பு இடத்தின் இயல்பைப் பின்பற்றி வந்தது. பண்பேற்றம் கருவியின் குறையை ஈடுசெய்ய வந்தது என்பது இதன் கருதுகோள். இவ்வேறுபாடு பண்ணிசைக்கும், ஒலிப்பதிவைச் சான்றாகக் கொள்ளும் தமிழிசை ஆய்வுக்கும் தரும் விளைவுகள் எளிய கணக்கீடுகளின் துணையுடன் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எதிர்முழக்கம், தணிப்பு, பண்பேற்றம், மாடுலர் சிந்தசைசர், சுருதி, ஒலிப்பதிவுச் சான்று

முன்னுரை

காரைக்கால் பகுதியைச் சேர்ந்த திருமலைராயன்பட்டினத்தின் கடற்கரைக்கு, மாசிமகத் தீர்த்தவாரியின்போது திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் எழுந்தருள்வது நெடுங்கால மரபு. பட்டினச்சேரி மீனவ மக்கள் அவரைத் தம் குலத்து மாப்பிள்ளையாக வரவேற்பர். சமயவியலாரும் நாட்டுப்புறவியலாரும் பேசும் இவ்விழாவை ஒலியியல் நோக்கிலும் காணலாம். கோயில் மண்டபத்துக் கற்சுவர்களுக்கு இடையே முழங்கும் நாதசுரமும் தவிலும், வீடுகள் இருபுறமும் நெருங்கிய தெருவில் வேறொரு தன்மையைப் பெறுகின்றன. மணல்வெளியை அடைந்ததும் முற்றிலும் வேறாகின்றன. கருவி அதுவே, வாசிப்பவரும் அவரே. மாறியது ஒலியின் முடிவு மட்டுமே. மண்டபத்தில் ஒரு சுரம் நின்ற பின்னும் அதன் நிழல் நிற்கிறது. கடற்கரையில் சுரம் நின்றதும் எல்லாம் நின்றுவிடுகிறது.

இந்நிழலே எதிர்முழக்கம். தனித்துப் பிரித்துக் கேட்கத்தக்க மறு ஒலிப்பு எதிரொலி. எண்ணற்ற எதிரொலிகள் பிரித்தறிய இயலாதவாறு செறிந்து தேய்வது எதிர்முழக்கம். இதன் நீளத்தையும் நிறத்தையும் இன்று ஒருவர் கைவிரலால் திருகி மாற்ற முடிகிறது. அதற்கு உதவும் கட்டுப்பாடுகள் பலவற்றுள் இரண்டு இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தடையுறு அலைவு என்று பாடநூல்கள் விளக்கும் நிகழ்வோடு தொடர்புடைய ஆற்றல் இழப்பு இங்குத் தணிப்பு எனப்படுகிறது. ஓர் அலையின் பண்பை மற்றோர் அலையைக் கொண்டு மாற்றுவது பண்பேற்றம். இச்சொல் வானொலி பற்றிய இயற்பியல் பாடங்களின் வழி நமக்கு அறிமுகமானது. இசைக்கருவிக்கும் அது பொருந்தும்.

இடமும் ஒலியும்: சிலம்பின் அரங்கும் சபைனின் அளவீடும்

நிகழ்த்துகலைக்குரிய இடத்தை அளவோடு கூறும் தமிழ்ச் சான்றுகளுள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை முதன்மையானது. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து அதன் உயரம் 1 கோல், அரங்கத் தளத்துக்கும் மேற்பலகைக்கும் இடைவெளி 4 கோல் என அது வகுக்கிறது. கோல் என்பது 24 விரல் அளவு. இக்கணக்கின்படி அரங்கின் உள்வெளி 224 கன கோல். ஒரு கோலை ஏறத்தாழ அரை மீட்டர் என்று கொண்டால் இது 28 கன மீட்டர். இன்றைய சிறிய அறை ஒன்றின் அளவு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் அக்காதை குறிக்கிறது. துணித்திரைகள் உயர் அதிர்வெண்களை உறிஞ்சுபவை. சிறிய உள்வெளி, துணித்திரை, அவையை நோக்கித் திறந்த முகப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கினால், அவ்வரங்கில் நீண்ட எதிர்முழக்கம் எழ வாய்ப்பில்லை எனலாம். நூல் ஒலியியல் நோக்கில் இவ்வளவுகளைத் தரவில்லை. எனினும் அவ்வளவுகளிலிருந்து ஒலியியல் முடிவைப் பெற முடிகிறது என்பது கருதத்தக்கது.

அதற்கான வாய்பாட்டைத் தந்தவர் ஆர்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் கிளெமன்ட் சபைன். 1895இல் அப்பல்கலைக்கழகத்தின் பாக் கலை அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்காத குறையைத் தீர்க்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிமூலமாகவும் தம் செவியை அளவியாகவும் கொண்டு, அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சிறிது சிறிதாக உள்ளே கொணர்ந்து, ஒலி தேயும் காலத்தை அளந்தார். ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபல் குறைய எடுக்கும் காலமே எதிர்முழக்க நேரம். அது இடத்தின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், உறிஞ்சும் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் அமையும். மீட்டர் அளவில் இவ்விகிதத்தின் மாறிலி 0.161. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் இக்கண்டுபிடிப்பின் துணையுடன் வடிவமைக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, 1000 கன மீட்டர் உள்வெளியும் 40 சதுர மீட்டர் உறிஞ்சுதிறனும் கொண்ட கல்மண்டபம் ஒன்றைக் கற்பனை செய்யலாம். அதன் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 4 வினாடி. அதில் 200 பேர் திரண்டு, ஒருவருக்கு அரைச் சதுர மீட்டர் வீதம் உறிஞ்சுதிறன் கூடினால், அந்நேரம் 1.15 வினாடியாகச் சுருங்கும். விழா நாளில் மண்டபத்தின் முழக்கம் அடங்குவதற்கு மக்களின் உடலும் உடையுமே காரணம். சபைன் திறந்த சன்னலை உறிஞ்சுதலின் அலகாகக் கொண்டார். அதன் வழியே சென்ற ஒலி மீள்வதில்லை. அவ்வகையில் திருமலைராயன்பட்டினக் கடற்கரை முழுவதும் திறந்த சன்னலே.

தணிப்பு: சுவரிலிருந்து தகட்டுக்கு

ஒலிபரப்பும் ஒலிப்பதிவும் வளர்ந்தபோது, இடத்தைக் கூடத்திற்குள் கொண்டுவரும் தேவை எழுந்தது. முதலில் வெற்றறைகள் பயன்பட்டன. ஒலிபெருக்கி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் வைத்த அறையில் ஒலியைச் செலுத்தி, அதன் முழக்கத்தை மீட்டெடுத்துக் கலந்தனர். 1947இல் சிகாகோவில் பில் புட்னம் ஆர்மோனிகேட்ஸ் குழுவின் பாடலுக்குக் குளியலறையையே இவ்வாறு பயன்படுத்தியது பலரும் அறிந்த செய்தி. அறைக்கு மாற்றாக ஆம்மண்டு ஆர்கனில் சுருள்வில் இடம்பெற்றது.

தணிப்பு ஒரு திருகுவிசையாக உருப்பெற்றதற்குத் தெளிவான சான்று, 1957இல் செருமனியில் வெளிவந்த இ.எம்.டி. 140 என்னும் கருவி. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டர் தடிப்பும் உடைய எஃகுத் தகடு ஒன்று சட்டத்தில் தொங்கவிடப்பட்டிருக்கும். ஒலி அதனை அதிரச் செய்யும். தகட்டில் பரவி மீளும் அதிர்வு மீண்டும் ஒலியாக மாற்றப்படும். அத்தகட்டுக்கு இணையாக மற்றொரு தணிப்புத் தகடு உண்டு. அதனை எஃகுத் தகட்டின் அருகே கொணர்ந்தால் முழக்கம் விரைவில் தேயும்; விலக்கினால் நீடிக்கும். மண்டபத்தில் மக்கள் கூடுவதும் கலைவதும் செய்த பணியை இங்கு ஒரு சக்கரம் செய்தது. தணிப்பு என்னும் கட்டுப்பாடு இடத்தின் நினைவைத் தாங்கி வந்தது என்று இக்கட்டுரை கூறுவது இப்பொருளில்தான்.

அகமதாபாத் 1969: அறை காணாத ஒலி

1964இல் ராபர்ட் மூக் அமெரிக்காவில் தம் சிந்தசைசரை அறிமுகப்படுத்தினார். அலையியற்றி, வடிப்பான், பெருக்கி முதலியவை தனித்தனிக் கூறுகளாக இருக்கும். அவற்றை வடங்களால் விரும்பியவாறு இணைக்கலாம். ஒரு கூறின் மின்னழுத்தம் மற்றொரு கூறின் பண்பை மாற்றும். மாடுலர் சிந்தசைசர் என்னும் பெயர் இதனால் அமைந்தது. பண்பேற்றம் இங்குத் துணைச்செயல் அன்று. கருவியின் அடிப்படை இலக்கணமே அதுதான்.

இந்தியாவில் இவ்வகைக் கருவியின் தொடக்ககால வரலாறு அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சார்ந்தது. 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கு மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவ உதவினார். முன்னரே 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசையைக் கற்ற கீதா சாராபாய் இம்முயற்சியோடு தொடர்புடையவர். ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அக்கூடத்தில் படைப்புகளை உருவாக்கினர். நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்த அந்நாடாக்களை பால் பர்கஸ் என்னும் ஆய்வாளர் மீட்டார். அவற்றின் தொகுப்பு 2023இல் வெளியானது.

இந்நிகழ்வின் பொருளை ஒலியியல் நோக்கில் வரையறுக்க வேண்டும். நாதசுர ஒலி பிறக்கும்போதே ஓர் இடத்தில் பிறக்கிறது. அதன் பதிவிலும் அவ்விடத்தின் சாயல் உண்டு. அலையியற்றியின் ஒலி மின்சுற்றில் பிறந்து வடத்தின் வழியே நாடாவைச் சேர்வது; எந்த அறையையும் கண்டதில்லை. ஆகவே அதற்கு எதிர்முழக்கம் சேர்ப்பது இழந்த இடத்தை மீட்பதாகாது. எவ்வளவு இடம், எத்தகைய இடம் என்பது படைப்பாளர் எடுக்கும் இசைமுடிவாகிவிடுகிறது.

தமிழ்த் திரையிசையிலும் இதற்கு இணையான மாற்றம் பின்னர் நிகழ்ந்தது. பெரிய கூடத்தில் இசைக்குழு ஒருங்கே வாசித்தபோது கூடத்தின் முழக்கமும் உடன் பதிந்தது. 1992இல் வெளியான ரோஜா திரைப்படத்தின் இசையை ஏ. ஆர். ரகுமான் தம் இல்லத்துக் கூடத்தில் உருவாக்கினார். சிறிய கூடங்களில் தனித்தனியாகப் பதியும் இம்முறை பரவியபோது, இடத்தின் அளவைத் தரும் பொறுப்பு பெரிதும் எண்முறைக் கருவியைச் சார்ந்தது.

எண்முறைச் சுற்றும் பண்பேற்றத்தின் வருகையும்

எண்முறை எதிர்முழக்கத்தின் அடிப்படையை 1961, 1962 ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தின் மன்பிரெட் சுரோடர் வகுத்தார். ஒலியைத் தாமதத் தடங்களில் செலுத்தி, வெளிவருவதில் ஒரு பகுதியைப் பின்னூட்டமாக மீண்டும் உள்ளே அனுப்பும் முறை அது. இயல்பான முழக்கத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1000 எதிரொலிகள் வேண்டும் என்று அவர் கணித்தார். ஆயினும் இம்முறையில் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் தேய்ந்தன. உண்மையான இடத்தில் காற்றும் சுவரும் உயர் அதிர்வெண்களை விரைந்து உறிஞ்சுகின்றன. 1979இல் ஜேம்ஸ் மூரர் ஒவ்வொரு பின்னூட்டச் சுற்றிலும், தாழ் அதிர்வெண்களை விடுத்து உயர்ந்தவற்றைத் தடுக்கும் வடிப்பானை அமைக்கும் முறையை விளக்கினார். தணிப்பு இவ்வாறு எண்முறைக்குள் நுழைந்தது.

ஒரு சுற்று 50 மில்லி வினாடி எனக் கொண்டால், வினாடிக்கு 20 சுற்றுகள். வடிப்பான் உயர் அதிர்வெண்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 டெசிபல் மட்டுமே கூடுதலாகக் குறைத்தாலும், ஒரு வினாடியில் அக்குறைவு 20 டெசிபலாகும். தாழ்ந்த ஒலி 2 வினாடி நீடிக்கும் அமைப்பில் உயர்ந்த ஒலி 1.2 வினாடியில் தேய்ந்துவிடும். காதுக்கு இது கற்சுவரில் திரை தொங்கவிட்டதுபோல் தோன்றும்.

பண்பேற்றத்தின் வரலாறு வேறானது. தொடக்ககாலக் கருவிகளில் நினைவகம் குறைவு. ஆகவே தாமதத் தடங்களும் சில. உண்மை மண்டபத்தில் இயல்பதிர்வுகள் மிகச் செறிந்திருக்கும். இத்தடங்களிலோ அவை இடைவெளி விட்டு நின்றன. இதனால் சில அதிர்வெண்கள் மட்டும் தங்கி, வெண்கலம் தட்டியது போன்ற ஒலி எழுந்தது. 1978இல் வெளிவந்த லெக்சிகன் 224 கருவியில் டேவிட் கிரீசிங்கர் தாமத நீளத்தை மெல்ல அசைத்து இக்குறையைக் குறைத்தார். நீளம் மாறிக்கொண்டே இருந்தால் எந்த ஓர் அதிர்வெண்ணும் நிலையாகத் தங்க இயலாது. இம்மரபில் அமைந்த சுற்று ஒன்றை ஜான் டட்டாரோ 1997இல் விரிவாக வெளியிட்டார். தணிப்புக்கும் அசைவுக்கும் தனித்தனி அளபுருக்கள் அதில் உள்ளன. அசைவின் அளவு 16 கூறெண்கள். அவர் கொண்ட வேகத்தில் இது ஏறத்தாழ அரை மில்லி வினாடி.

மண்டபத்துச் சுவர் அசைவதில்லை. ஆதலின் பண்பேற்றத்துக்குக் கட்டடத்தில் மூலம் இல்லை. அது குறையை மறைக்க வந்த உத்தி. பின்னர் தனக்கெனச் சுவையைப் பெற்றது. பாடல் முடிவில் மிதந்து செல்வது போன்ற முழக்கத்தை இன்று கேட்போர் விரும்புவது அதனாலேயே.

இரண்டும் ஒரே கையில்

2014இல் வெளிவந்த எர்ப்-வெர்ப் என்னும் கூறு இவ்விரு மரபுகளையும் மாடுலர் சிந்தசைசரில் இணைத்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் எர்ப், மேக் நாய்ஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கியது இது. இடத்தின் அளவு, தேய்வு, உறிஞ்சுதல், பண்பேற்றத்தின் ஆழம், வேகம் முதலியவை தனித்தனித் திருகிகளாக உள்ளன. அவற்றை வெளி மின்னழுத்தமும் இயக்கும். மண்டபத்தில் மக்கள் படிப்படியாகக் கூடுவதைப் போல உறிஞ்சுதலை ஒரு நிமிடம் முழுவதும் மெல்ல உயர்த்தலாம். பாடகர் குரல் ஓங்கும்போது முழக்கம் தணியவும், ஓயும்போது விரியவும் செய்யலாம். கட்டடத்தின் அளவு வாசிப்பின் நடுவே மாறுகிறது. எந்தக் கட்டடமும் செய்யாதது இது. இடம் இங்கு ஒரு கருவியாகிறது.

பண்ணிசைக்கு உரிய விளைவுகள்

மேற்கூறிய வேறுபாடு தமிழிசைக்கு ஏன் இன்றியமையாதது என்பதை இரு கணக்குகள் காட்டும். முதலாவது, தேய்வு பற்றியது. எதிர்முழக்க நேரம் 2 வினாடி எனில் ஒலி வினாடிக்கு 30 டெசிபல் வீதம் தேயும். வினாடிக்கு 8 சுரம் வீதம் செல்லும் விரைவுச் சங்கதியில், ஒரு சுரத்தின் முழக்கம் அடுத்த சுரம் தொடங்கும்போது 4 டெசிபலுக்கும் குறைவாகவே தேய்ந்திருக்கும். முந்தைய சுரம் பிந்தையதன் மேல் படிகிறது. ஒரே சமயத்தில் ஒரு சுரம் என்னும் பண்ணிசை நெறிக்கு இது இடையூறு. உயர் அதிர்வெண்களைத் தணித்தால் இப்படிவு முழுதும் நீங்காவிடினும், முழக்கம் பின்னணியில் ஒதுங்கிக் குரலின் முன்மை நிற்கும். எனவே தணிப்பு பண்ணிசைக்குத் துணையாவது.

இரண்டாவது, சுருதி பற்றியது. தாமதம் நீள்வதும் குறுகுவதும் ஒலியின் சுருதியை இறக்கும், ஏற்றும். அரை மில்லி வினாடி அசைவு வினாடிக்கு ஒருமுறை நிகழ்ந்தால், சுருதி மிகுதியாக 0.3 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 5 சென்ட் விலகும். 81க்கு 80 என்னும் பிரமாண சுருதி 21.5 சென்ட் ஆதலின், இது அதன் கால்பங்கு. செவி பொறுக்கும். அசைவு 5 மில்லி வினாடியாக உயர்ந்தால் விலகல் 54 சென்ட். அரைச் சுரத்தில் பாதிக்கும் மேல். பாடகர் அசைக்காத சுரத்தை முழக்கம் அசைக்கிறது. முழக்கம் அதே தடத்தைப் பலமுறை சுற்றுவதால் விலகல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் சேரக்கூடும். தம்புரா போன்ற நிலைச்சுருதியின் மேல் இவ்வசைவு படும்போது விம்மல் எழும். பண்பேற்றம் ஓர் எல்லைக்கு மேல் பண்ணையே மாற்றுவதாகிறது.

சான்றாகும் ஒலிப்பதிவுகள்

இங்குத்தான் சிக்கல் ஆய்வாளரைச் சேர்கிறது. கமகத்தின் வீச்சையும் சுரத்தானத்தின் நுண்விலகலையும் ஒலிப்பதிவிலிருந்து கணினியால் அளக்கும் ஆய்வுகள் இன்று இயல்பாகிவிட்டன. 1925க்கு முந்தைய இசைத்தட்டுகள் மின்முறையின்றி, பாடகர் கூம்புக்கு மிக அருகில் நின்று பாடிப் பதிந்தவை. இடத்தின் முழக்கம் அவற்றில் குறைவு. அத்தகைய பதிவு மறுவெளியீட்டில் அசைவுடைய எதிர்முழக்கம் சேர்க்கப்பெற்றால், கணினி அளக்கும் வளைகோட்டில் பாடகரின் கமகம் எது, கருவியின் அசைவு எது என்று பிரிப்பது அரிதாகும். சுவடிப் பதிப்பில் மூலபாடத்தையும் உரையாசிரியர் பாடத்தையும் பிரித்துக் காட்டுவதைக் கடமையாகக் கொண்ட நாம், ஒலிப்பதிவில் அக்கடமையை இன்னும் போதிய அளவு மேற்கொள்ளவில்லை.

மூன்று நடைமுறைகள் இதற்கு உதவும். முதலாவது, ஆவணக் காப்பகங்கள் எதிர்முழக்கம் சேராத மூலத்தைத் தனியே பேணுதல். இரண்டாவது, கருவியின் பெயரையும் தணிப்பு, பண்பேற்ற அளவுகளையும் பதிவுக் குறிப்பில் எழுதுதல். மூன்றாவது, மூலம் கிட்டாதபோது, நேரொலி மேலோங்கும் சுரத் தொடக்கத்துக்கு முதன்மை அளித்து அளத்தல். சுரம் ஓய்ந்த பின் வரும் நீட்சியைச் சுருதிக் கணக்கிலிருந்து விலக்குதல்.

முடிவுரை

எதிர்முழக்கத்தின் தணிப்பு, சுவரும் திரையும் மக்கள் திரளும் செய்த பணியின் தொடர்ச்சி. பண்பேற்றம், நினைவகம் சிறுத்த காலத்துக் கருவியின் குறைக்கு மருந்தாக வந்து, பின் அழகாக நிலைத்தது. மாடுலர் சிந்தசைசர் இவ்விரண்டையும் மின்னழுத்தத்தின் கீழ்க் கொணர்ந்து, இடத்தை இசைக்கத்தக்கதாக்கியது. இரண்டும் ஒரே பலகையில் அருகருகே இருப்பதால் ஒரே இயல்பின என்று கருதுவது பொருந்தாது. ஒன்று பண்ணுக்கு இடம் தருவது, மற்றொன்று அளவு மீறின் பண்ணோடு மோதுவது. அகமதாபாத் நாடாக்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர் மீண்டும் கேட்கக் கிடைத்தது காப்பகம் ஒன்று அவற்றை வைத்திருந்ததனால். மாசிமக நாளில் மண்டபத்திலும் தெருவிலும் திருமலைராயன்பட்டினக் கடற்கரையிலும் ஒரே நாதசுர இசையைப் பதிந்து, மூன்று முழக்கங்களையும் அளந்து வைப்பது தமிழிசை ஆய்வாளர் எவரும் தொடங்கத்தக்க பணி. இடம் மாறும்போது இசையில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதற்குக் கருவி கலவாத அளவுகோல் அதிலிருந்து கிடைக்கும்.